மூன்றாவது பெடல்

கோவிந்தராஜுலுவுக்கு இடது கால் போனது மாசியில். கிளட்ச் வேண்டும் என்று அவர் கேட்டது ஐப்பசியில். இடைப்பட்ட எட்டு மாதமும் அவர் நன்றாகத்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

கால் போனது என்றால் வெட்டி எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. இடது பக்கம் முழுக்க வாதம். கோயமுத்தூரில் இருபது நாள் படுக்கை. கை திரும்பி வந்தது, வாய்க் கோணல் நிமிர்ந்தது. கால் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. ஊன்றச் சொன்னால் ஊன்றும், இழுத்து இழுத்து நடக்கும். அழுத்தச் சொன்னால் மட்டும் அழுத்தாது.

அவருக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. வீட்டைச் சுற்றி ஒன்று, ஓடையைத் தாண்டி மலையடிவாரத்தில் மேல்தோப்பு ஒன்று. மேல்தோப்புக்குப் போகிற தடத்தைத் தடம் என்று சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. ஓடையில் இறங்கி, பாறையில் ஏறி, சேற்றில் புரண்டு போகவேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. முப்பத்தைந்து வருடமாக மனிதர் தினமும் அதில் போய் மரங்களைப் பார்த்துவிட்டு வந்துதான் காலைச் சோறு உண்பார். போன இரண்டு வருடமாக மேல்தோப்பில் வேர்வாடல் நோய். மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின. போய்ப் பார்த்து ஆவதொன்றுமில்லை. ஆனாலும் போவார்.

மகன் ரவிதேஜா ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறான். அப்பா படுக்கையில் கிடந்தபோதே பழைய ஜீப்பை விற்றுவிட்டு, அதே மாதிரி மலையேறும் வண்டி, ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் வைத்தது ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். கிளட்ச் இல்லை. பெடல் இரண்டே இரண்டு, இரண்டுக்கும் வலது கால் போதும். இடது கால் சும்மா உட்கார்ந்து வரலாம். மகன்கள் செய்கிற நல்ல காரியங்களில் இது ஒன்று என்று நான்கூட நினைத்தேன்.

நான் மோகன்குமார். உக்கடத்தில் பழைய வண்டி உதிரிபாகக் கடை. எங்கள் வீட்டில் குழந்தைகள் 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்வது 'இந்த விலை கட்டாதுங்க' என்ற சொல்லை. கோவிந்தராஜுலு எனக்கு வாடிக்கையாளர் மட்டுமல்ல, பேரம் பேசத் தகுந்த மனிதர். அப்படி ஓர் ஆள் கிடைப்பது அபூர்வம்.

பிசகு கொப்பரைக் களத்தில் தொடங்கியது. பொள்ளாச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது யாரோ ஒரு சம்சாரி வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, இந்த வண்டி நெம்பத் தோதுங்களா? எங்க பெரியப்பனும் இப்பிடித்தான் காலு வெளங்காம கெடக்கறாருங்க. ஒண்ணு வாங்கிப் போடலாம்னு."

அதில் கிண்டல் ஒன்றுமில்லை. இருந்திருந்தால் கோவிந்தராஜுலு திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று மாலை எனக்குப் போன் வந்தது.

"ஏப்பா மோகன், கியர்பாக்ஸ் ஏதாச்சும் கெடக்குதா?"

"எந்த வண்டிக்குங்க?"

"இதே வண்டிக்குத்தான். கிளட்ச் வெச்சது. இந்த ஆட்டோமேட்டிக்கு எளவக் கழட்டி வீசீட்டு அதைய மாட்டோணும். இது காலு வெளங்காதவன் வண்டியப்பா. ஓட்டறமா, ஒக்காந்து போறமான்னே தெரியல."

காலு வெளங்காதவன் வண்டி. அதை அவர் வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். நான் ஏதோ சொல்லவேண்டும் என்பது போல நிறுத்தினார்.

"பாக்கலாமுங்க" என்றேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டும். எங்கள் சீமையில் முடியாது என்ற சொல்லை யாரும் யார் முகத்துக்கு நேரேயும் சொல்வதில்லை. பாக்கலாமுங்க என்றால் முடியாது. பாத்துச் சொல்றனுங்க என்றால் நிச்சயமாக முடியாது. கேட்டவர் மனமும் நோகாமல், சொன்னவர் வாயும் கெடாமல் காரியம் அத்தோடு முடிந்துபோகும். கொப்பரைச் சந்தையில் தலை நரைத்தவருக்கு இது தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில் வந்து நின்றார். அதே வண்டி. கூட ஆள் இல்லை. ஆனைமலையிலிருந்து உக்கடம்வரை, கிணத்துக்கடவு மழையில், லாரிகளுக்கு நடுவே, தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டி ஓட்ட முடியவில்லை என்று சொல்ல.

"பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். விபத்தில் நொறுங்கிய அதே ரக வண்டியிலிருந்து எடுத்த கிளட்ச் கியர்பாக்ஸ் ஒன்று இரண்டு வருடமாக என் கடை மூலையில் தூசி தின்றுகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், திருச்சூர்ப் பார்ட்டி ஒருவர் ஆட்டோமேட்டிக் பெட்டி கிடைக்குமா என்று வாரம் தவறாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் என் மனதில் ஒட்டுக்கா வந்து நின்றன என்பதை மறைத்துப் பயனில்லை.

"சாமான் இருக்குதுங்க" என்றேன். "ஆனா மாட்டறது லேசுப்பட்ட வேலையில்லீங்க. ஜெரோமு ஒத்துக்கோணுமே."

அதாவது, முடியாது என்று சொல்கிற வேலையை ஜெரோமிடம் தள்ளினேன்.

ஜெரோமின் பட்டறை கோட்டூர் ரோட்டில் இருக்கிறது. கைசுத்தமான வேலைக்காரன். அவன் அம்மா பழனியாத்தாள் கோவிந்தராஜுலுவின் தோப்பில் காலமெல்லாம் மட்டை உரித்தவள். போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. பெட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நான் போனபோது ஜீப் ஏற்கனவே மேடையேறி நின்றது. அடியில் படுத்திருந்த ஜெரோம் தலையை மட்டும் நீட்டினான். ஆட்டோமேட்டிக் பெட்டியிலிருந்து சிவப்பு எண்ணெய் நூலாக ஒழுகித் தட்டில் நிறைந்தது.

"ஏனுங்ணா, நீங்க சொல்லலீங்களா அவருகிட்ட?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"நானுங்களா? நல்லாருக்குதே!" ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எங்கம்மா அவரைச் சாமீன்னு கூப்புட்டுச்சு. நான் சார்ங்கறேன். அந்த ஒரு வார்த்தைக்கு வரவே எங்களுக்கு அத்தனை வருசம் ஆச்சு. மொதமொதல்ல எம் பட்டறைக்குப் படியேறி வந்து, 'ஜெரோமு, பொள்ளாச்சியில ஒருத்தனும் செஞ்சதில்லையாமா, உன்னால ஆகுமா'ன்னு கேக்கறாரு. ஆகாதுன்னு சொல்ல வாயி வருமுங்களா?"

"உன்னால ஆகுமான்னுதான் கேட்டாரு. அவரால ஆகுமான்னு கேக்கலியே."

"கேட்டிருந்தாலும் பாக்கலாமுங்க சார்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க வேற." மறுபடி அடியில் போனான். "சித்தெ அந்த ஜாக்கியப் புடிங்க. எறக்கிப்போடலாம்."

இறக்கினோம். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும் அந்தப் பெட்டி. அதைச் சாக்கில் சுற்றி என் டெம்போவில் ஏற்றினோம். நாலாம் நாள் அது வாளையாறு தாண்டித் திருச்சூருக்குப் போய்விட்டது.

வேலை பதினோரு நாள் நடந்தது. கியர்பாக்ஸ் மாற்றுவது என்றால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது என்று நினைக்கக்கூடாது. புதுப் பெட்டி நீளம் குறைவு. அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு நீளவேண்டும். அதற்குக் கோயமுத்தூர் லேத்துக்கு இரண்டு நடை. கியர்த் தடி வெளியே வர, வண்டியின் தரையில் ஓட்டை வெட்டவேண்டும். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரோ தான் இன்னும் ஆட்டோமேட்டிக் என்றே நம்பிக்கொண்டு ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஜெரோம் இரண்டு நாள் ஒயர்களோடு மல்லுக்கட்டி அதை ஏமாற்றினான். கடைசியாக மூன்றாவது பெடல்.

அந்தப் பெடலில்தான் அவன் மூன்று நாள் உட்கார்ந்தான். கம்பெனிப் பெடலைத் தூக்கிப்போட்டுவிட்டு, நீளமான இரும்புக் கம்பி ஒன்றை வளைத்து, உதவிக்கு ஒரு ஸ்பிரிங் வைத்து, மறுபடி கழற்றி, மறுபடி வைத்து. வேண்டாம் என்று வாயால் சொல்ல முடியாததை அந்தப் பெடலால் சரிக்கட்டிவிடலாம் என்று பார்த்தான்.

"எம் புள்ள கையில அமுக்கினா எறங்குதுங்ணா" என்றான் கடைசி நாள். கண் என்னைப் பார்க்கவில்லை.

இந்தப் பதினோரு நாளில் ஒரு மதியம் நான் கோவிந்தராஜுலு வீட்டில் உண்டேன். அவர் மனைவி ராமாமணியக்கா அரிசிம்பருப்புச் சாதம் போட்டு நெய் ஊற்றினார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புருசனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் தெலுங்கில் போடுவார்கள். மரியாதை எல்லாம் தமிழில். எனக்குத் தெலுங்கு அரைகுறை என்பதால் அவர்கள் சண்டை எனக்கு எப்போதும் சுவாரசியம். அன்று கூடத்தில் கோவிந்தராஜுலு, "அடுத்த வாரம் மேல்தோப்புக்கு நானே ஓட்டிட்டுப் போறேன், நீயும் வா" என்றார். அக்கா தமிழில், "உங்க இஷ்டமுங்க" என்றார். தெலுங்கில் ஒரு சொல்கூட வரவில்லை.

கை கழுவும்போது அக்கா பின்னால் வந்தார்.

"தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

"உங்க பேச்சுக்கு மேல உண்டுங்களாக்கா?"

"நான் எப்பிடிச் சொல்றது? 'உனக்கு இனி ஆகாது'ன்னு பெண்டாட்டி வாயில கேட்டா மனுசன் தாங்குவாரா? காலுக்குப் பயிற்சி குடுக்க வர்ற பையனும், முயற்சி பண்ணுங்க சார்னு சொல்லீட்டுப் போயிட்டான். தேஜா என்னன்னா, 'மோகன் அங்கிள் பக்குவமாச் சொல்லிருவாரும்மா'ங்கறான்."

"நான் பாக்கறனுங்க" என்றேன்.

அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். பார்க்கிறேன் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும். தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி வந்த நாளில் மழை விட்டிருந்தது. களத்தில் ஜீப்பை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அக்கா சூடம் காட்டினார். ஜெரோம் தன் பங்குக்கு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். தோப்பு ஆட்கள் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கோவிந்தராஜுலு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"தொறப்பக் குடு ஜெரோமு."

சாவியை இரண்டு கையாலும் கொடுத்தான்.

ஏறி உட்கார்ந்தார். இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி, தேங்காயை எடுத்து வைப்பது போலக் கிளட்ச் மேல் வைத்தார். எஞ்சின் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நாம் நினைத்தது தப்பு, இவர் ஓட்டிவிடுவார் என்று நான் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன்.

அழுத்தினார். பெடல் விரற்கடை இறங்கி நின்றது. கியர்த் தடியைத் தள்ளினார். கறகறவென்று பல் உரசியது.

"இன்னுஞ் சித்தெ உள்ள அமுக்குங்க சார்" என்றான் ஜெரோம், மிக மெதுவாக.

கழுத்து நரம்பு புடைத்தது. கால் இறங்கவில்லை. இடது கையை எடுத்து முழங்காலில் வைத்துக் கீழே தள்ளினார். இப்போது பெடல் இறங்கியது. ஆனால் கியர் போடுவது அதே இடது கை. அது முழங்காலில் இருந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலது கையைக் குறுக்கே நீட்டி முதல் கியரைப் போட்டார். விழுந்தது. தோப்பு ஆட்களில் ஒருவர் "அப்பிடிப் போடுங்க" என்றார். அந்த நொடியில் கை வழுக்கியது. கால் பெடலைவிட்டு நழுவி விழுந்தது. வண்டி நின்ற இடத்திலேயே ஒரு குலுங்கு குலுங்கி, எஞ்சின் செத்து நின்றது.

நாலு எலுமிச்சம்பழமும் சக்கரத்தை ஒட்டி முழுசாக இருந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை.

பிறகு நாங்கள் எல்லோரும் செய்தது எங்கள் சீமைக்கே உரிய காரியம். ஜெரோம் பானெட்டைத் திறந்து, "ஒயர்ல ஏதோ லூசுங்க" என்றான். அக்கா, "நல்ல நேரம் தாண்டிப் போச்சுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். தோப்பு ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்கள். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தேன். காற்று இருந்தது.

அவர் இறங்கவில்லை. வெகுநேரம் கழித்து என்னை அழைத்தார்.

"பழைய பெட்டி எங்க?"

"திருச்சூருக்குப் போயிருச்சுங்க."

"எப்ப?"

"கழட்டுன நாலாம் நாளு."

சிரித்தார். "நீ எப்பவுமே வெரசுதான்."

"வேற ஒண்ணு தேடிப் புடிச்சு மாட்டிப்போடலாமுங்க. ஒரு மாசம் குடுங்க. இல்லாட்டித் தேஜாகிட்டச் சொல்லி வேற வண்டி..."

"மாட்டீட்டு? காலு வெளங்காதவன் வண்டீன்னு ஊரெல்லாம் சொல்லிக் கழட்டினேன். இனி அதுல எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஏறி ஒக்காருவேன்?" ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "மோகன், நீ யாவாரிதானே? ஒருத்தன் எச்சா வெலை சொன்னா என்ன அர்த்தம்?"

"கொறைச்சுக் கேளுன்னு அர்த்தமுங்க."

"அதேதான். நான் எச்சாச் சொன்னேன். போன்ல சொல்லீட்டு நிறுத்துனேன், நெனப்பிருக்குதா? நீ கொறைச்சுக் கேப்பேன்னு பாத்தேன். நீ சாமான் இருக்குதுன்னே. செரி, ஜெரோமு கேப்பான்னு பாத்தேன். அவன் ஜாக்கியத் தூக்கினான். இவ கேப்பான்னு பாத்தேன், உங்க இஷ்டங்கறா. பதினோரு நாளு. ராத்திரி தூக்கமில்ல. நாளைக்கு எவனாச்சும் வந்து, 'உன்னால ஆகாது, மூடீட்டுப் போ'ன்னு சொல்லுவான், நானும் நாலு வார்த்தை வஞ்சுபோட்டு, உங்க தொல்லைக்காக உட்டுப்போடறேன்னு உட்டுரலாம்னு இருந்தேன்." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை. "ஒருத்தருங் கேக்கல. சொன்ன வெலைக்கே வாங்கீட்டீங்க எல்லாரும்."

என் வாழ்நாளில் ஒரு பேரத்திலும் நான் அப்படித் தோற்றதில்லை.

ரவிதேஜா டிரைவர் ஒருவரை அனுப்பினான். மூன்றாம் நாள் டீக்காசு கொடுத்து மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். மார்கழியில் அதிகாரிகள் வந்து, மேல்தோப்பில் நோய் முற்றிய மரங்களை வெட்டிவிடச் சொன்னார்கள். எந்த மரம் நிற்கலாம், எது போகலாம் என்று காட்ட அவர்தான் போகவேண்டும். போகவில்லை. ஆட்கள் அவர்களாகவே போய் வெட்டினார்கள். கீழே வீட்டில் உட்கார்ந்து, ரம்பம் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த வரிசை என்று சொன்னாராம். தோப்பு ஆட்கள் சொன்னதாக ஜெரோம் போனில் சொன்னான். அவன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டான்.

தை பிறந்து பல்லடம் பக்கம் அடிபட்ட வண்டி ஒன்றில் எனக்கு ஓர் ஆட்டோமேட்டிக் பெட்டி கிடைத்தது. யாரிடமும் கேட்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, டெம்போவை நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். உங்களால ஆகாதுங்க. இதை மாட்டிக்குங்க. ஊரு என்ன வேணாலும் சொல்லட்டும். இதைச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழக்கினேன். கோவில்பாளையம் தாண்டும்போது சத்தமாகவே சொன்னேன். அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேலே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பக்கத்துச் சாளைக் கொட்டகையில் ஜீப் நின்றது. ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். கீழே சாக்கை விரித்து மண்டியிட்டு, அவர் கால்களுக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டி, ராமாமணியக்கா கிளட்சைப் பிடித்திருந்தார்.

எஞ்சின் ஓடவில்லை. அவர் அழுத்தச் சொல்வார். அக்கா உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் கொடுத்து அழுத்துவார். அவர் கியரை மாற்றுவார். விடச் சொல்வார். அக்கா விடுவார். பேச்செல்லாம் தெலுங்கில்தான். சண்டைக்கு மட்டுமே அந்த வீட்டில் நான் கேட்டிருந்த மொழி. அது அவ்வளவு தணிவாக ஒலித்து நான் கேட்டதில்லை.

நிழல் விழுந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"வா மோகன்." கண் என்னைத் தாண்டி டெம்போவுக்குப் போனது. "தார்ப்பாய்க்குள்ள என்ன?"

அக்கா எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டார். உள்ளங்கை இரண்டிலும் பெடல் ரப்பரின் வரிகள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

வாயைத் திறந்தேன். வழி நெடுகப் பழக்கிக்கொண்டு வந்த சொற்கள் எல்லாம் வரிசையாக நின்றன.

"வேற ஒரு பார்ட்டிக்குங்க" என்றேன். "இப்பிடியே வந்தேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

அவர் தார்ப்பாயின் மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பெட்டி எந்த உருவத்தில் மேடு தட்டும் என்று தெரியாத மனிதரல்ல.

"வேற பார்ட்டி நிச்சயமா வாங்கிக்குவானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்தினார். போனில் அன்று நிறுத்திய அதே மாதிரி.

மேலே ரம்பம் நின்றது. ஒரு மரம் விழுகிற சத்தம் வந்து சேர்ந்தது. மூன்று பேரும் அது அடங்கும்வரை காத்திருந்தோம்.

"பாக்கலாமுங்க" என்றேன்.

"பாரு" என்றார்.

"போயிட்டு வாரனுங்க. வாரனுங்கக்கா."

டெம்போவில் ஏறினேன். கிளட்சை மிதித்தேன். என் இடது கால் கேட்காமலே இறங்கியது. பின்னால் அக்கா மறுபடி சாக்கில் மண்டியிடுவது கண்ணாடியில் தெரிந்தது. அவர் அடுத்த கியருக்கு அழுத்தச் சொன்னார்.